ஒரு சாண் தண்ணீர்

வணக்கம்.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு கோகோபீட் தெரியும். செங்கல் மாதிரி கட்டியாக வரும். வாளித் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஊறிப் பொதுபொதுவென்று உப்பிவிடும். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சுகிற தூள்தான் அது. ஒரு காலத்தில் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களின் ஓரமாக மலைமலையாகக் குவிந்து கிடந்த கழிவு. இன்று அதே தூள் கட்டி கட்டியாகக் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே அது எதற்குப் பதிலாகப் பயன்படுகிறது என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. கோகோ என்பது தேங்காய். பீட் என்பது என்ன? நான் பேச வந்தது அந்தப் பீட்டைப் பற்றித்தான். அதைவிடச் சரியாகச் சொன்னால், அந்தப் பீட்டுக்குள் நிற்கும் தண்ணீரைப் பற்றி.

மண்ணியல் என் படிப்பு. பிறந்தது மன்னார்குடிப் பக்கம். ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் கிழக்கே, ஃபென்ஸ் என்று சொல்லப்படும் தாழ்நிலத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். தரைக்குக் கீழே தண்ணீர் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது என்று பார்ப்பது, அதே தரையிலிருந்து என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைப்பது. அவ்வளவுதான் வேலை. ஒரு தடவை ஊருக்கு வந்திருந்தபோது அத்தை கேட்டார்: "தண்ணி எவ்வளவு கீழ நிக்குதுன்னு பாக்கவா அவ்வளவு தூரம் போற?" தினமும் கிணற்றை எட்டிப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு இருபது நிமிடமாவது வேண்டும். வானொலி நிலையத்தார் இன்று அதைக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் ஒரு செடி செத்தால் என்ன ஆகிறது? சாய்கிறது, கரையான் அரிக்கிறது, மழை பெய்ததும் மக்குகிறது. அடுத்த ஆடிக்குள் இருந்த இடம் தெரியாது. அதன் உடம்பிலிருந்த கார்பன் கரியமில வாயுவாகக் காற்றோடு போய்விடுகிறது. வடக்கே, ஸ்காட்லாந்து, பின்லாந்து, சைபீரியா, கனடா போன்ற இடங்களில் கதை வேறு. குளிர் அதிகம். வானத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் முழுவதையும் வெயில் உறிஞ்சிவிடுவதில்லை. பள்ளமான இடங்களில் வடிய வழியில்லாமல் ஆண்டு முழுவதும் தரையை ஒட்டியே தண்ணீர் நிற்கும். அங்கே ஸ்பாக்னம் என்று ஒரு பாசி வளர்கிறது. கை நிறைய அள்ளிப் பிழிந்தால், ஊறிய துண்டைப் பிழிவதுபோல் தண்ணீர் கொட்டும். மேல்பகுதி வளர்ந்துகொண்டே போக, கீழ்ப்பகுதி செத்துக்கொண்டே போகும். செத்தது தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். அங்கே ஆக்சிஜன் எட்டுவதில்லை. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மக்குவது ஆமை வேகத்தில்தான் நடக்கும். அதனால் பாதி மக்கியும் மக்காமலும் செடி அடுக்கடுக்காகச் சேர்கிறது. அந்த அடுக்குதான் பீட். ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், பல இடங்களில் அதற்கும் குறைவு. ஓர் ஆள் உயரம் சேர ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு ஆகும்.

மாவடு போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜாடிக்குள் உப்புத் தண்ணீர் வடுவுக்கு மேலே நிற்கிறவரை ஒன்றும் ஆகாது. ஒரு வருஷம் கழித்தும் எடுத்துக் கடிக்கலாம். தண்ணீர் கொஞ்சம் இறங்கி, மேலாக நாலு வடு மட்டும் காற்றில் தலை நீட்டிக்கொண்டிருந்தால், பூசணம் முதலில் பிடிப்பது அந்த நாலில்தான். அதனால்தான் அம்மா அவ்வப்போது ஜாடியைத் திறந்து, கரண்டியால் அழுத்தி வடுவை உள்ளே தள்ளுவார். ஸ்பாக்னம் தான் நிற்கும் தண்ணீரைப் புளிப்பாகவும் ஆக்குகிறது. ஆகவே பீட் நிலத்தை ஒரு பெரிய மாவடு ஜாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முழுக்க இந்த ஜாடிக்குத் திரும்பத் திரும்ப வருவேன்.

அந்த ஜாடி எவ்வளவு நன்றாகக் காக்கும்? 1950 மே மாதம். டென்மார்க்கில் சில்கபோர்க் என்ற ஊருக்கு அருகே, அடுப்பெரிக்கப் பீட் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். கண் மூடி, தூங்குவதுபோல முகம். தாடையில் சவரம் செய்து இரண்டொரு நாள் ஆனது போன்ற முடி. கழுத்தில் தோல் கயிறு. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசைக் கூப்பிட்டார்கள். பார்த்தால் அந்த மனிதர் செத்து ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசியாக அவர் குடித்த கஞ்சியில் என்னென்ன தானியம் இருந்தது என்பதைக்கூட வயிற்றிலிருந்து கண்டுபிடித்தார்கள். டொல்லுண்ட் மனிதன் என்று அவருக்குப் பெயர். மனிதத் தோலையே அப்படிக் காத்த தண்ணீர், இலையையும் வேரையும் காக்காமல் இருக்குமா?

உலகத்தின் நிலப்பரப்பில் பீட் நிலம் 3 விழுக்காடுதான். ஆனால் உலகத்துக் காடுகளில் உள்ள மரங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பன் அதற்குள் இருக்கிறது. வடக்கத்திப் பீட் நிலங்களில் மட்டும் 40,000 முதல் 50,000 கோடி டன் வரை என்று கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் பனியுகம் முடிந்தபின், கடந்த பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சேர்ந்தது. அதற்குக் காவல் வேறு யாரும் இல்லை, தண்ணீர் மட்டும்தான். அதனால் எந்தப் பீட் நிலத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: தண்ணீர் எத்தனை சாண் கீழே?

இனி, எங்கே பேசப் போனாலும் நான் சொல்லாமல் விடாத ஒரு கதை.

ஃபென்ஸ் பகுதியில் விட்டில்சி மியர் என்று ஓர் ஏரி இருந்தது. இங்கிலாந்தின் தாழ்நிலப் பகுதியில் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று. சுற்றிலும் நாணலும் பீட்டும். அந்த வட்டாரத்தில் தண்ணீரை வடிக்கும் வேலை 17-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய அளவில் தொடங்கிவிட்டது. நெதர்லாந்துக்காரரான வெர்மெய்டன் என்ற பொறியாளரை அழைத்து வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டியதும் நிலம் காய்ந்தது, காய்ந்ததும் இறங்கியது. வாய்க்கால் உயரத்திலும் வயல் பள்ளத்திலும் ஆகிவிட்டன. தண்ணீர் மேல்நோக்கிப் போகுமா? காற்றாலை வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க நிலம் இன்னும் இறங்கியது. அப்புறம் நீராவி, அப்புறம் டீசல், அப்புறம் மின்சாரம். இன்றுவரை இறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

விட்டில்சி மியர் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தப்பி நின்றது. 1851-ல் அதன் முறை வந்தது. அந்த ஆண்டு லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அப்போல்டு என்பவரின் புதுமையான சுழல் பம்ப்பைக் காட்டினார்கள். அந்த வகைப் பம்ப்பைக் கொண்டுவந்து வைத்து ஏரியைத் துடைத்தெடுத்தார்கள். ஏரியின் அடிச்சேற்றிலிருந்து வெள்ளியால் செய்த தூபக் கலசம் ஒன்று கிடைத்தது. பக்கத்து ராம்சி மடத்தின் பழைய சொத்து. இன்று லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பளபளவென்று இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த ஏரி நமக்கு விட்டுப்போன பெரிய செய்தி வெள்ளியில் இல்லை. இரும்பில் இருக்கிறது.

நிலம் இறங்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு முன்பே தெரியும். எவ்வளவு இறங்கும் என்று பார்க்க நினைத்தார்கள். ஏரிக்கரையில் ஹோம் என்ற ஊரின் பீட்டுக்குள் 1848-ல் ஒரு கருவேலமரத் தூணை அடியிலிருக்கும் களிமண்வரை இறக்கினார்கள். பின்னர் அதை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புத் தூண் ஒன்றை நட்டார்கள். அதன் தலை தரையோடு தரையாக இருக்கும்படி வைத்தார்கள். அதாவது அன்றைக்கு அந்தப் பக்கம் நடந்து போன ஒருவர் தூணின் தலைமேலேயே கால் வைத்துப் போயிருக்கலாம்.

பம்ப் ஓடியது. முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேயே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூண் வெளியே தெரிந்தது. தூண் மேலே வரவில்லை, அது களிமண்ணில் ஊன்றி அசையாமல்தான் நின்றது. நிலம் கீழே போனது. இன்று அந்தத் தூண் தரைக்கு மேலே 4 மீட்டர் நிற்கிறது. நான் முதன்முதலில் அதன் அருகே போனது ஒரு அக்டோபர் காலையில். சுற்றிலும் வெள்ளைப் பட்டை உரிந்த பெர்ச் மரங்கள், காலடியில் பழுத்த இலை, ஈர வாசனை. தூணை ஒட்டி நின்று கையை முழுவதும் உயர்த்தினேன். எட்டவில்லை. என் உயரத்துக்கு இன்னொருவர் என் தோளில் ஏறி நின்றாலும் அவர் தலை தூணின் உச்சிக்குக் கீழேதான் இருக்கும். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் தரை அங்கே, தலைக்கு மேலே இருந்தது. இப்போது நான் நிற்கும் இடம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2.75 மீட்டர் கீழே. பிரிட்டன் தீவிலேயே மிகத் தாழ்வான நிலம் அந்த வட்டாரம்தான்.

நாலு மீட்டர் எங்கே போனது? தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த பஞ்சு போன்ற மண், தண்ணீர் போனதும் தன் எடையிலேயே அமுங்கியது ஒரு பங்கு. முதல் சில ஆண்டுகளில் வேகமாக இறங்கியதற்கு அதுதான் பெரிய காரணம். வசந்த காலத்தில் உழுது போட்ட கறுப்பு மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது ஒரு பங்கு. மீதி? ஜாடியில் தண்ணீர் இறங்கிவிட்டது, வடு காற்றில் கிடக்கிறது. ஆக்சிஜன் உள்ளே போனது, நுண்ணுயிரிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் காத்திருந்த சாப்பாட்டைத் தின்னத் தொடங்கின. அந்த மண் கரியமில வாயுவாக மேலே போய்விட்டது. நெருப்பில்லாமல், புகையில்லாமல் எரிந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஃபென்ஸில் பயிர் செய்யும் பீட் வயல்கள் இன்றும் ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர்வரை இறங்குகின்றன. சேர்ந்தது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று சொன்னேன். அப்படியென்றால் பத்து இருபது ஆண்டுச் சேமிப்பு ஒரே ஆண்டில் செலவாகிறது. குளிர், மிதவெப்ப நாடுகளில் வடித்துப் பயிர் செய்யும் பீட் நிலத்துக்கு ஐபிசிசி எனப்படும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு வைத்திருக்கும் சராசரிக் கணக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 29 டன் கரியமில வாயு. நமக்குப் பழகிய ஏக்கரில் சொன்னால் 12 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. ஐயாயிரம் லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருகிற வாயு அது. ஒரே ஏக்கர். ஒவ்வோர் ஆண்டும். அதில் கீரை வளர்ந்தாலும் சரி, தரிசாகக் கிடந்தாலும் சரி, தண்ணீர் கீழே நின்றால் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். உரம் போட்ட வளமான பீட் என்றால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு சூடேற்றும் வாயுவும் சேர்ந்து வரும்.

சரி, தண்ணீரை எப்படி அளப்பது? நிலத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழாயை இறக்கி வைத்திருப்போம். பக்கவாட்டில் வரிசையாக ஓட்டை போட்ட குழாய். வெளியே மண்ணுக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாய்க்குள்ளும் நிற்கும். உள்ளே இருட்டு, எட்டிப் பார்த்தால் தெரியாது. அதனால் சென்டிமீட்டர் கோடு போட்ட மெல்லிய டியூப் ஒன்றை வாயில் வைத்து ஊதிக்கொண்டே மெதுவாக உள்ளே இறக்குவோம். டியூப் நுனி தண்ணீரைத் தொட்டதும் களக் களக் என்று குமிழ் சத்தம் கேட்கும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு ஊதினால் கேட்குமே, அதே சத்தம். உடனே நிறுத்தி, டியூபில் எந்தக் கோடு என்று பார்த்து எழுதிக்கொள்வோம். கருவிகள் இன்று எவ்வளவோ வந்துவிட்டன, தானாகவே மணிக்கொரு தடவை பதிவு செய்கின்றன. இருந்தாலும் அந்தச் சத்தத்தை நான் நம்புகிற மாதிரி வேறு எதையும் நம்புவதில்லை. பனி மூடிய வெளியில், ஆள் அரவமில்லாத காலையில், தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் "இங்கே இருக்கிறேன்" என்று சொல்வதுபோல் இருக்கும்.

பக்கத்திலேயே, மண்ணில் பதித்த வளையத்தின் மேல் காற்றுப் புகாத ஒரு மூடியைக் கவிழ்த்து, உள்ளே வாயு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்போம். குழாயில் தண்ணீர் 80 சென்டிமீட்டர் கீழே இருக்கும் இடத்தில் கரியமில வாயு கிடுகிடுவென்று ஏறும். 10 சென்டிமீட்டரில் இருக்கும் இடத்தில் ஏற்றம் மெதுவாக இருக்கும். ஆனால் அங்கே இன்னொரு வாயு தலைகாட்டும். இதைத்தான் இப்போது பேச வேண்டும். இதை மறைத்துவிட்டுத் தண்ணீரை உயர்த்துங்கள் என்று சொன்னால் அது நேர்மையாகாது.

அந்த வாயு மீத்தேன். நாற்று நடப் போய்ச் சேற்றில் கால் வைத்தவர்கள் பார்த்திருப்பீர்கள், காலைச் சுற்றிக் குமிழ் குமிழாக வரும். அதில் மீத்தேன் உண்டு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிகள் செய்வது. ஜாடியில் தண்ணீர் மேலே நிற்கும்போது மக்குவது மெதுவாகிறது என்றேன், நின்றுவிடுகிறது என்று சொல்லவில்லை. மெதுவாக நடக்கும் அந்த வேலையில் ஒரு பங்கு மீத்தேனாக வருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றும்.

ஆனால் அடியில் உண்டான மீத்தேன் எல்லாமே வெளியே வந்துவிடுவதில்லை. தண்ணீர் தரைக்கு ஒரு நாலு விரற்கடை கீழே நின்றால்கூடப் போதும், அந்த மேலடுக்கில் காற்று இருக்கும். அங்கே மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஏறிவரும் வாயுவில் பெரும்பங்கை அவை வழியிலேயே தின்றுவிடும். தண்ணீர் தரைக்கு மேலே ஏறிக் குட்டையாக நின்றுவிட்டால் அந்தக் காவல் இல்லை. இன்னொரு குறுக்குவழியும் உண்டு. அல்லித் தண்டை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நீளநீளமாகத் துளை இருக்கும் அல்லவா? சேற்றில் நிற்கும் வேருக்குக் காற்றைக் கொண்டுபோக அந்தச் செடி வைத்திருக்கும் குழாய். வடக்கே பஞ்சுத் தலையோடு நிற்கும் பருத்திக்கோரைக்கும் அதே அமைப்பு. அந்தக் குழாய் வழியே காற்று கீழே போகிறது, மீத்தேன் மேலே வருகிறது, நடுவில் இருக்கும் பாக்டீரியா காவலுக்கு அகப்படாமல். அதனால் எந்தச் செடி நிற்கிறது என்பதும் கணக்கில் வரும்.

இந்த மீத்தேன் எவ்வளவு தொட்டாற்சிணுங்கி என்பதை ஒரு நாள் கற்றுக்கொண்டேன். பீட்டில் நேராகக் கால் வைத்து நடக்கக்கூடாது, அதற்காகப் பலகை போட்டிருப்போம். மழை பெய்து வழுக்கியதில் ஒரு காலைப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டேன். முழங்கால்வரை இறங்கியது. இரண்டடி தள்ளிக் கவிழ்த்து வைத்திருந்த மூடிக்குள் மீத்தேன் அளவு சுவர் ஏறுவதுபோல் செங்குத்தாக ஏறியது. அடியில் சிக்கியிருந்த குமிழெல்லாம் என் காலின் அழுத்தத்தில் ஒரேயடியாக வெளியே வந்துவிட்டது. அன்றைய கணக்கு முழுவதும் வீண். வானிலையில் காற்றழுத்தம் சட்டென்று குறையும் நாளிலும் இப்படிக் குமிழ் கிளம்பும். ஒரு நாள் அளந்துவிட்டு மீத்தேனைப் பற்றிப் பேசவே கூடாது என்பது அன்று மனதில் பதிந்தது.

சரி, இப்போது தராசைப் பிடிப்போம். ஒரு தட்டில் கரியமில வாயு, தண்ணீர் இறங்க இறங்கக் கூடுகிறது. மறு தட்டில் மீத்தேன், தண்ணீர் ஏற ஏறக் கூடுகிறது. எந்தத் தட்டு தாழ்கிறது? 2021-ல் பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் எவன்ஸ் என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் பல இடங்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு விடை வெளியிட்டார்கள். ஆழமாக வடித்த பீட் நிலத்தில் தண்ணீரை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும், இரண்டு வாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டபின், ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்குச் சமமான அளவு குறைகிறது. தரைக்கு 30 சென்டிமீட்டர் கீழே வரும்வரை இது பொருந்தும். அதற்கு மேலே உயர்த்தினாலும் பலன் தொடர்கிறது, தரைக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே வரும்வரை. அதற்கும் மேலே போனால்தான் மீத்தேன் தட்டு கனக்கத் தொடங்குகிறது.

10 சென்டிமீட்டர் என்பது அரைச் சாண். உங்கள் கையை விரித்துப் பாருங்கள், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஒரு சாண். தண்ணீர் அந்த ஒரு சாண் உயர்ந்தால் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஆறு டன்னுக்கு மேல் மிச்சம். நிலம் முழுவதையும் ஏரியாக்கச் சொல்லவில்லை. பயிரை விடச் சொல்லவில்லை. முக்கால் மீட்டர் ஆழத்தில் வைத்திருப்பவர் அரை மீட்டருக்கு வந்தாலும் லாபம்தான். இதை நான் இன்னொரு தடவை சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் ஃபென்ஸ் விவசாயிகள் பலர் "எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" என்று நினைத்து மிரண்டுபோய் நின்றதைப் பார்த்திருக்கிறேன்: பாதி உயர்த்தினாலும் பலன் உண்டு.

இன்னொன்று, காலம். மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுபோல் இருந்து மறைகிறது. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. மீத்தேன் வாளியில் அடியில் ஓட்டை இருக்கிறது. ஊற்றுகிற வேகம் மாறாதவரை மட்டம் ஓரிடத்தில் நின்றுவிடும். கரியமில வாயு வாளியில் ஓட்டை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே, தண்ணீரை உயர்த்துவதைத் தள்ளிப்போட்டால் மீத்தேனைத் தவிர்த்த லாபம் கொஞ்ச காலத்துக்குத்தான், அதற்குள் கரியமில வாயு நிரந்தரமாக ஏறிவிடும். ஜெர்மனியில் ஆன்கே குன்தர் என்பவரும் உடன் ஆய்ந்தவர்களும் 2020-ல் கணக்கிட்டுச் சொன்னது இதுதான்: மீத்தேன் வந்தாலும் சீக்கிரம் நனைப்பதே நல்லது.

இந்த இடத்தில் டெல்டா விவசாயி ஒருவர் எழுந்து கேட்பார், கேட்டும் இருக்கிறார்கள். "எங்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறீர்கள், தண்ணீரை இறங்க விட்டால் மீத்தேன் குறையும் என்கிறீர்கள். அங்கே போய்த் தண்ணீரை உயர்த்தச் சொல்கிறீர்கள். எது உண்மை?" இரண்டும் உண்மைதான் ஐயா. நம் வயலில் நூறு கிலோ மண்ணை எடுத்தால் அதில் ஒரு கிலோ கார்பன் இருந்தாலே நல்ல மண் என்போம். காய்ந்த பீட்டில் ஏறத்தாழ பாதி கார்பன். நம் ஜாடியில் வடு இல்லை, உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை இறக்கினால் கெட்டுப்போக உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை, மீத்தேன் மட்டும் குறைகிறது. அங்கே ஜாடி நிறைய வடு. நெல் வயலில் தண்ணீர் தரைக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம் என்று வேளாண் அலுவலர்கள் காட்டுகிறார்களே, ஓட்டை போட்ட குழாய், அதுவும் நான் ஃபென்ஸில் ஊதிப் பார்த்த குழாயின் உடன்பிறப்புத்தான். குழாய் ஒன்று, மண் வேறு, அதனால் விடையும் வேறு.

பீட் நிலங்களுக்குள்ளும் எல்லா இடத்திலும் ஒரே கதை இல்லை. பின்லாந்தில் இயற்கையாக இருந்த சதுப்பில் ஏறத்தாழ பாதியை மரம் வளர்ப்பதற்காக வடித்தார்கள். பெரும்பகுதி 1960-களிலும் 70-களிலும். அங்கே சத்துக் குறைந்த, பைன் மரம் நிற்கும் சில இடங்களில் வடித்த பிறகும் மண் கார்பனைச் சேர்த்துக்கொண்டே இருப்பதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சத்து நிறைந்த இடங்களில் அப்படி இல்லை, மண் கரைகிறது. எங்கே முதலில் தண்ணீரை உயர்த்துவது என்று முடிவெடுக்க இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருமுறை காற்றைக் குடித்துவிட்ட பீட் உடனே பழையபடி ஆகிவிடுமா என்று கேட்டால், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பீட் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். தேயிலையில் துவர்ப்புத் தருவது போன்ற பொருள்கள் கரைந்திருப்பதால் வரும் நிறம். மக்கவைக்கும் நொதிகளை அவை கட்டிப்போடுகின்றன. அந்தத் துவர்ப்புப் பொருள்களை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் தேவை. வேல்ஸில் பாங்கர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் ஃப்ரீமனும் உடன் ஆய்ந்தவர்களும் 2001-ல் இதைத் தாழ்ப்பாள் என்றே அழைத்தார்கள். வறட்சியில் தண்ணீர் இறங்கினால் தாழ்ப்பாள் திறந்துகொள்ளும், தண்ணீர் திரும்பி வந்தாலும் கொஞ்ச நாள் திறந்தபடியே இருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று விரல் காட்டுகிறார்கள். இன்னும் சொல்ல நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் மிகவும் இறங்கினால் மெதுவாக எரிவது போய் உண்மையான நெருப்பே பிடிக்கும். 2010 கோடையில் மாஸ்கோ நகரம் புகையில் மூழ்கியதற்கு அதைச் சுற்றி வடித்துப்போட்டிருந்த பீட் நிலங்கள் எரிந்தது ஒரு முக்கியக் காரணம். அதற்குப் பிறகு மாஸ்கோ வட்டாரத்தில் 70,000 ஹெக்டேருக்கு மேல் மறுபடி நனைக்கும் வேலை நடந்தது. ஜெர்மனியில் நாட்டின் நிலத்தில் 5 விழுக்காடுதான் பீட், ஆனால் அந்த நாட்டின் பசுங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு அதிலிருந்து வருகிறது. அங்கே மால்ஷின் என்ற சிற்றூரில் ஈர நிலத்திலேயே வளரும் கோரையையும் புல்லையும் அறுத்து, அதை எரித்து வீடுகளுக்குச் சூடேற்றுகிறார்கள், 2014-லிருந்து. தண்ணீரை வடிக்காமலே அந்த நிலத்திலிருந்து வருமானம் பார்க்கும் வழிகளில் அது ஒன்று. இதைத்தான் இன்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். விவசாயியின் கைக்கு ஒரு வழியும் கொடுக்காமல் தண்ணீரை மட்டும் உயர்த்தச் சொல்ல முடியாது.

ஹோம் தூண் நிற்கும் இடத்திலும் கிரேட் ஃபென் என்ற திட்டத்தில் ஏறத்தாழ 3,700 ஹெக்டேரைப் படிப்படியாக மறுபடி ஈரமாக்குகிறார்கள். போன நாலு மீட்டர் நம் காலத்தில் திரும்பாது. மீதி இருப்பது நிற்கும்.

இப்போது ஒரு விரல். நம் நீலகிரியிலும் பீட் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த பீட்டிலிருந்து, பனியுகக் காலம் தொட்டு அந்த மலையில் எப்போது புல் கூடியது, எப்போது மழை கூடியது என்று சுகுமார் போன்ற விஞ்ஞானிகள் 1993-லேயே படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த தடவை உதகை போகிறவர்கள் மலைச்சரிவுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஈரமாக, பச்சையாக ஒரு பட்டை ஓடுவதைக் கண்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் நடுவே யாராவது வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

நேரம் முடிந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.